செருப்பு, பூட்ஸ், வெள்ளை ஷூ

முப்பத்தாறு வயசில் வெள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். பேங்க்குக்குப் போடுகிற கறுப்பு பூட்ஸ் இல்லை, மைதானத்தில் ஓடுகிறவன் போடுவதும் இல்லை. ஸ்னீக்கர் என்று காலேஜ் பிள்ளைகள் சொல்கிறார்களே, அது. மேலே வழவழவென்று வெள்ளைத் தோல், கீழே வெள்ளை ரப்பர், லேசும் வெள்ளை. விலை 2800 ரூபாய். இந்த இதழுக்கு அது எத்தனை வருசச் சந்தா என்று ஆசிரியர் கணக்குப் போட வேண்டாம். நானே போட்டுப் பார்த்து வெட்கப்பட்டாகிவிட்டது.

ஊர் உலகத்தில் எவ்வளவோ எரிந்துகொண்டிருக்கும்போது ஷூவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நம் ஆட்களின் காலைப் பற்றி உத்தரவு போட்டவன், அதை மீறியவனைக் கட்டி வைத்து அடித்தவன், எவனும் அதைச் சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நினைக்கணும்?

அப்பாதான் முதலில் பார்த்தார். "இன்னாடா இது, டிரில் பீரியடா?" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி வாத்தியார். குடியாத்தம் பக்கம் எங்கள் சேரி. சேரியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக ஊர்த் தெரு ஒன்றுதான் வழி. புளியமரம் வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரு முடிந்து கால்வாய்ப் பாலம் வந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்ளலாம். எழுபதுகளில் டீச்சர் டிரெயினிங் படித்த இரண்டு வருசமும் அப்பா இப்படித்தான் போய் வந்தார். கையில் எடுத்துப் போவதைக்கூட ஒருத்தன் பார்த்துவிட்டு "இன்னாடா, ஆட்டிக்கினு போற?" என்றானாம். அதற்கப்புறம் துணிப்பைக்குள் புத்தகத்தோடு செருப்பையும் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். பாடப்புத்தகத்தில் செருப்பு மண் ஒட்டியிருக்கும் என்று இப்போதும் சொல்வார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை என்னால் இதுவரை ஒரு கவிதையிலும் எழுத முடியவில்லை.

முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது கறுப்பு பூட்ஸ். லேஸ் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செர்ரி பிளாசம் டப்பாவைத் திறந்தார் என்றால் வீடே அந்த வாசனைதான். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார். சட்டை கிழிந்திருந்தால் அம்மா ஒட்டுப்போட்டுத் தருவாள், அதற்கு அவர் கூச்சப்பட்டதே இல்லை. பூட்ஸில் தூசி இருந்தால் மட்டும் வாசலைத் தாண்ட மாட்டார். "ஒரு ஆளு நம்மளப் பாக்கறான்னா மொதல்ல காலத்தான்டா பாக்கறான்" என்பது அவர் வேதம். எனக்கு பேங்க் வேலை கிடைத்த அன்று சட்டைத்துணி எடுத்துத் தரவில்லை, பூட்ஸ்தான் வாங்கித் தந்தார்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் வெள்ளை ஷூவோடு நின்றால் சும்மா இருப்பாரா? "அம்பேத்கர் ஒரு போட்டோவுலயாவது இந்த மாதிரி போட்டுக்கினு இருக்காரா, காட்டு" என்றார்.

காட்ட முடியவில்லை. கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. ஊருக்கு ஊர் இரும்புக் கூண்டுக்குள் நிற்க வைத்திருக்கிற சிலையிலும் நீலக் கோட்டுக்குக் கீழே பூட்ஸைச் சிற்பி மறந்ததில்லை. காந்தி துணியைக் குறைத்துக்கொண்டே போனார், மகாத்மா ஆனார். அம்பேத்கர் குறைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? இருக்கவேண்டிய கோலத்தில்தான் இருக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள். நம் ஆள் முழுசாக உடுத்துவதே ஒரு வாதம். அப்பா தரப்பு இதுதான், இதில் பலம் இருக்கிறது. நான் சட்டென்று தள்ளிவிடத் தயாராக இல்லை.

ஏனென்றால் சாதாரணமாக இருப்பது என்பது எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் 2007-ல் ஐபோனை உலகத்துக்குக் காட்டிய மேடையில் ஜீன்ஸும் ஸ்னீக்கருமாகத்தான் நின்றார். எளிமை என்றார்கள், மேதைமை என்றார்கள். நான் புது ஷூவோடு ஒரு சனிக்கிழமை எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பைலைக் கொடுக்கப் போனேன். லிப்ட் வாசலில் செக்யூரிட்டி, "பார்சல் எல்லாம் கீழயே வெச்சிடுப்பா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் நம்ம ஆளாகத்தான் இருப்பார். பார்சல் கொண்டுவருகிற பையனும் என் தம்பிதான். ஆனாலும் என் முகம், என் நிறம், இந்த ஷூ மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் வருகிறது என்று அந்த ஒரு வரியில் தெரிந்துபோனது. கறுப்பு பூட்ஸ் போட்ட நாளில் அவர் என்னை "சார்" என்றிருக்கிறார். அப்பா சொன்னது சரிதானோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பூனாவில் பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவன் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, தான் மிதித்த மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போகவேண்டும் என்றிருந்ததை அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். கால்தடம்கூட மிஞ்சக்கூடாது. பூனா தூரம் என்றால் நம் இராமநாதபுரத்துக்கு வாருங்கள். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. எட்டாவது தடை, வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் போனது, ஆடுமாடு போனது. ஒரு ஜோடி செருப்புக்கு ஒரு குடிசை.

1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொன்னது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் காலணி என்ற சொல் ஏறுவதற்கு 2015-ன் திருத்தம் வரவேண்டியிருந்தது. பொது இடத்தில் ஒரு தலித் செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம் என்று எழுதி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. இதோடு இன்னொரு சட்டத்தையும் வைத்துப் பாருங்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்ப் பண்பாடே அவமானப்பட்டது என்று ஊரே கொதித்தது. ஆகஸ்டில் சட்டசபையில் சட்டம் வந்துவிட்டது. தப்பில்லை, நல்ல சட்டம்தான். வேட்டிக்கு ஒரு மாசம் ஆனது. செருப்புக்கு, இராமநாதபுரத்திலிருந்து எண்ணினால், எண்பத்தைந்து வருசம். ஊர்த் தெருவில் செருப்பைக் கழட்டச் சொன்னபோது எந்தப் பண்பாடும் அவமானப்படவில்லை.

சரி, சட்டம் வந்தது, தீர்ந்ததா? 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்கிற கிராமத்தில் நம் ஆட்கள் அறுபது பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தெருவில் செருப்பு போட்டு நடந்தார்கள். அவ்வளவுதான் போராட்டம். நடந்தார்கள். முந்நூறு மீட்டர் இருக்குமா என்னவோ அந்தத் தெரு, அதை நடந்து முடிக்க ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

இனி ஸ்னீக்கர் கதைக்கு வருகிறேன். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் உருகாமல் குளிரில் வெடிக்காமல் நிற்கும் என்று 1839-ல் குட்இயர் கண்டுபிடித்தார். அதற்கப்புறம்தான் துணிக்குக் கீழே ரப்பர் அடி ஒட்டுவது பிழைத்தது. அமெரிக்காவில் 1916-ல் கெட்ஸ், 1917-ல் கான்வர்ஸ் என்று ஆலைச் சரக்காகக் கடைக்கு வந்தது. தோல் அடிபோல டக் டக் என்று சத்தம் வராது, பூனை மாதிரி பதுங்கி வரலாம் என்பதால்தான் அந்தப் பெயர். சத்தம் போட்டுக்கொண்டே, தான் வருவதை ஊருக்குச் சொல்லிக்கொண்டே நடக்கவேண்டியிருந்த சனங்களின் பேரன் நான். சத்தமில்லாத ஷூ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பணக்காரப் பிள்ளைகளின் டென்னிஸ் மைதானத்திலிருந்து அது கறுப்பினத் தெருக்களுக்கு வந்ததுதான் முக்கியமான பயணம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். அந்தப் போட்டோவை நம் அலுவலகச் சுவர்களில் பார்த்திருக்கிறோம். முஷ்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம், காலைப் பார்ப்பதில்லை. இருவர் காலிலும் ஷூ இல்லை. கறுப்பு சாக்ஸோடு நிற்கிறார்கள். கறுப்பினத்தாரின் வறுமையைச் சொல்வதற்காகக் கழட்டிவிட்டு, மேடைக்கு ஷூவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார்கள். தானாகக் கழட்டுவதற்கும் கழட்டு என்று சொல்லிக் கழட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மேடையில் இருக்கிறது. எண்பதுகளில் லேஸ் கட்டாத ஸ்னீக்கர் போட்ட கறுப்பு இளைஞன் என்றாலே ரவுடி, ஜெயிலுக்குப் போய்வந்தவன் என்று பேசினார்கள். நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பையன்கள், ரன் டி.எம்.சி. என்று ஒரு பாட்டுக் குழு, 1986-ல் தங்கள் அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டார்கள். கடைசியில் அந்த ஷூ கம்பெனியே அவர்களோடு ஒப்பந்தம் போட்டது என்பதும் கதையில் சேர்த்திதான். கலகம் விலைக்கு வாங்கப்படுவதை நாம் நன்றாக அறிவோம், இங்கே எத்தனை பார்த்திருக்கிறோம். ஆனாலும் ரவுடியின் அடையாளம் என்றதைக் கழட்டாமல், மேடைக்கே போட்டு ஏறினார்கள் பாருங்கள், அதை நான் அப்பாவிடம் சொன்னேன். "அவங்கள யாரு செருப்பக் கழட்டச் சொன்னாங்க?" என்று கேட்டார். பதில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தாத்தாவைச் சொல்லாமல் விடக் கூடாது. பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை, முழங்கால் வரை. அவர் பாதத்தை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். வெந்து வெளுத்து, விரலிடுக்கெல்லாம் புண். ஊருக்கே, சீமைக்கே ஷூவுக்குத் தோல் பதப்படுத்தியவர் சாகும்வரை ஷூ போட்டதில்லை. அந்தப் பாதம் ஷூவுக்குள் நுழைந்தும் இருக்காது. அந்தத் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைத் தின்றது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்போது எங்கள் மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் இருந்தது. 1997-ல் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்தபோது அதுவும் போயிற்று, ஆறும் திரும்பவில்லை. இன்றைக்கும் ஆம்பூர்ப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல் தோலைக் கையால் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. செய்யாறு சிப்காட்டில் உலகம் முழுக்கப் போகிற விளையாட்டு ஷூக்களை நம் பெண்கள்தான் ஒட்டுகிறார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர்கள் இறங்கும்போது காலைக் கவனியுங்கள். ரப்பர் செருப்பு.

ஆக, எனக்கு இந்த ஷூ மேல் உரிமை இருக்கிறது என்று தீர்மானித்தேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நம் பையன்கள் சம்பளம் வந்ததும் ஐயாயிரம் ஆறாயிரம் என்று கொட்டி ஒரு சின்னத்தை வாங்கிக் காலில் ஒட்டிக்கொண்டு திரிவதை நான் ஆதரிக்க மாட்டேன். விளம்பரப் பலகைக்கு அவன் அல்லவா நமக்குக் காசு தரணும்? சின்னம் வெளியே தெரியாத வெறும் ஷூ தேடினேன். கண்ணைப் பறிக்கிற பச்சையும் ஆரஞ்சுமாக, பஞ்சு மாதிரி தடித்த அடி வைத்தவை ஓடுவதற்கானவை. அவற்றை இஸ்திரி போட்ட பேண்டுக்குக் கீழே போட்டால் முப்பதைத் தாண்டினவனுக்குப் பொருந்தாது. துணி ஷூ முந்நூறு நானூறுக்குக் கிடைக்கிறது, ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது, காயவும் ரெண்டு நாள். ரெக்சின் மடிகிற இடத்தில் ஆறே மாசத்தில் வெடிக்கும். தோல் என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போச்சு.

சாயங்காலம் போய் வாங்கினேன். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் பிடித்த ஷூ சாயங்காலம் கடிக்கும். கடைப் பையன் எட்டாம் நம்பர் எடுத்து வந்தான். நீளம் சரி, அகலம் போதவில்லை. ஏழாம் வகுப்பு வரை வெறுங்காலில் நடந்தவன் நான். மண்ணைப் பிடித்துப் பிடித்து விரல்கள் விரிந்துபோன பாதம். பொட்டிக்குள் வளர்ந்த பாதத்துக்குச் செய்த அச்சு நமக்கு உதவாது. "ஒன்பது போட்டுப் பாருங்க சார், கொஞ்சம் லூசா இருக்கும்" என்றான். வேண்டாம், அகலமான எட்டு கொடு என்றேன். ஐந்தாவது ஜோடியில்தான் சுண்டுவிரல் படுத்தது. அப்படிக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள். கடையில் கூச்சப்பட்டு, கடிக்கிற ஷூவை வாங்கி வந்து பரணில் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வெள்ளை எதற்கு, அழுக்காகுமே என்று மனைவி கேட்டாள். அழுக்கு அழுக்கு என்றே நம்மைச் சொன்னவன் கண் முன்னால் பளிச்சென்று வெள்ளையில் நிற்கலாமே என்று வீராப்பாகச் சொன்னேன். சொன்ன பிறகு, அப்படியானால் இதுவும் அவன் கண்ணுக்காகத்தானா, அப்பாவின் பாலிஷ் டப்பாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத்தூளுமாக உட்கார்ந்து ரப்பர் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால், அப்பாவேதான் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. (கழுவினால் நேர் வெயிலில் வைக்காதீர்கள், மஞ்சள் பாய்ந்துவிடும். நிழல்.)

பேங்க்கில் திங்கள் முதல் வியாழன் வரை கறுப்பு பூட்ஸ்தான் போடுகிறேன். அப்பாவுக்காக இல்லை, கவுண்டருக்கு வருகிற நம் சனங்களுக்காக. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி ஒருத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நம் பிள்ளை ஒண்ணு பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை என் வசதிக்காகக் குறைத்துக்கொள்ள மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வெள்ளை ஷூ. மேனேஜர் ஒருமுறை காலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழட்டிவிட்டுப் பார்த்தார். "என்ன, ஜிம்முக்கா?" என்றார். அவர் மகன் இதே மாதிரி ஷூவோடு வந்து அவர் கேபினில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "இல்ல சார், பேங்க்குக்கு" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். இந்த மாதிரி ஷூவில் அடி வெறுமனே பசையில் ஒட்டியதா, சுற்றித் தையல் ஓடியதா என்று பார்த்து வாங்கணும். நான் பார்க்கத் தவறிவிட்டேன். ரெண்டு மாசத்தில் முன்பக்கம் வாய் திறந்தது. பஸ் ஸ்டாண்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அருந்ததியர். பல வருசமாக அந்த வழியில் போகிறேன், பூட்ஸுக்கு அங்கேதான் லாடம் அடிப்பேன். அன்றைக்குத்தான் உறைத்தது, அவர் முன்னால் நின்றபடியே காலைத் தூக்கிக் கட்டை மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா தோல் பதப்படுத்தினார், அவர் தைக்கிறார், நடுவில் என்ன இருக்கிறது? 2009-ல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தன். ஊர்த் தெருவைப் பற்றி இத்தனை பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, எங்கள் தெருவுக்கு அவர் வந்தால் எங்கே உட்காரச் சொல்வோம் என்பதை எழுதத் தெரிந்ததில்லை.

காலை இறக்கினேன். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டுன மால் சார் இது. சுத்தித் தையல் போட்டாத்தான் நிக்கும். வெள்ள நூலு இல்ல, பழுப்புதான் கீது, பரவால்லியா?"

"போடுங்கண்ணா."

"வெளிய தெரியும் சார்."

"தெரியட்டும்ணா."

ஊசியில் மெழுகு தேய்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது முழுக்க நான் வெறுங்காலோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்பது ரூபாய் கேட்டார்.